கிணறுகளுக்குப் போன மண்ணெண்ணெய்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் ஞானாம்பிகை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் பொருளியல் படிப்பித்தவர். "எழுதுங்கோ, ஆனா என்னை நல்லவளாக்கிப் போடாதையுங்கோ" என்றார். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: தொண்ணூற்றிரண்டின் மாரி கோப்பாயின் மேல் ஒரு கரிய...

வேண்டாம். மழை பெய்தது. வெள்ளம் கிணறுகளுக்குள் இறங்கியது. வாந்திபேதி தொடங்கியது.

2

போர், பொருளாதாரத் தடைக்காலம்; வாகனங்கள்கூட மண்ணெண்ணெயில் ஓடின. சுகாதாரக் குழுவிடம் மிஞ்சியிருந்தது ஒரு பீப்பாய் மண்ணெண்ணெய். அதை ஊற்றி நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும் வான் வண்டியை ஓட்டலாம். அல்லது வெள்ளம் புகுந்த கிணறுகளைப் பம்பால் இறைத்துக் குளோரின் போடலாம். இரண்டுக்கும் போதாது. எந்த வழியில் கூடுதல் உயிர் தப்பும் என்று, குழு கேட்டதால், ஞானாம்பிகை ஊரூராக விசாரித்துக் கணித்தார். கிணறுதான் என்று வந்தது.

"என்ரை வாசலிலை கிடக்கிற சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது, மிஸ்?" என்று கேட்டார் குழுவின் சிறிய மருத்துவ நிலையத்தைப் பார்த்துவந்த டொக்டர் கிறகோரி.

"கிணத்தை விட்டா, வாற சனத்துக்கு உங்கடை வாசல் காணாது, டொக்டர்."

அவர் வானை நிறுத்தி எண்ணெயைப் பம்புக்குக் கொடுக்கச் சொன்னார்.

(டொக்டரைக் கல்நெஞ்சராக்கினால் கதை சூடுபிடிக்கும். முயன்று பார்த்தேன். அவர் இணங்கவில்லை.)

3

நோய் அடங்கியது. ஆனால் அடங்குமுன், அச்சுவேலியிலிருந்து மாட்டு வண்டிலில் கொண்டுவரும் வழியில் குணலட்சுமி என்ற பெண் இறந்துபோனாள். அவளது கணவர் மார்க்கண்டு, தோட்டம் செய்பவர், கணக்குப் போட்டவரைத் தேடி ஒருநாள் வளாகத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, வான் ஓடியிருந்தா அவ தப்பியிருப்பாவோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஞானாம்பிகை சொல்லவில்லை. "ஓம் அண்ணை. தப்பியிருப்பா."

இங்கே நான் எழுதி வெட்டியவை: அவர் கை ஓங்குகிறார். அவர் பெருந்தன்மையோடு மன்னிக்...

நடந்தது இதுதான். அவர் அங்கிருந்த மர வாங்கில் அமர்ந்தார்.

"எங்கடை கிணத்துக்கும் மருந்து போட்டவையோ?"

"போட்டவை."

"அந்தத் தண்ணியைத்தான் என்ரை பிள்ளையள் குடிக்குதுகள்." பிறகு மேசையில் கிடந்த, அந்தக் கணக்கை விளக்கும் அறிக்கையைக் காட்டினார். "உந்த அறிக்கையை ஆருக்கு அனுப்பப் போறியள்?"

"மன்னாருக்கு. அங்கையும் நோய் தொடங்கீட்டுது. எண்ணெயும் கொஞ்சந்தான் கிடக்கு."

"அப்ப என்ரை மனுசியின்ரை பேரையும் உந்த அறிக்கையிலை போடுங்கோ. அதையும் பாத்திட்டு முடிவெடுக்கட்டும்."

4

அப்படியான அறிக்கைகளில் பெயர் போடும் வழக்கமில்லை. ஞானாம்பிகை போட்டார். கிறகோரி மறித்தார்.

"பேரைப் பாத்தா அங்கை முடிவெடுக்கிறவைக்குக் கை நடுங்கும். கிணறுகள் அப்படியே கிடக்கும். இன்னும் சனம் சாகும்."

"நடுங்காத கையிலை உந்த அறிக்கையைக் குடுக்க எனக்குப் பயமாக் கிடக்கு, டொக்டர்."

அறிக்கை கிளாலிக் கடலேரியைக் கடக்கும் படகில் போனது. பாதைகள் மூடியிருந்த காலம், பதில் வரவேயில்லை. மன்னாரில் என்ன முடிவெடுத்தார்கள் என்று ஞானாம்பிகைக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கணக்கு வென்றது, மற்றதில் குணலட்சுமி. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஆகவே மன்னாரில் அந்த மேசையின் முன் உங்களை இருத்துகிறேன். வாசலில் ஆட்கள் முனகுகிறார்கள். அறிக்கையை முழுதாக வாசித்துவிட்டீர்கள், அந்தப் பெயர் உட்பட. எண்ணெய்க் கலனைத் தூக்கியபடி சாரதி வந்து கேட்கிறார்:

"எதுக்கு ஊத்த?"