கடைசிப் பத்தியின் மேல் ஒரு விளம்பரம்

1

இந்தக் கதை எனக்கு அமீர்பேட்டில் கிடைத்தது. மகள் ஸ்ரேயாவின் ஜாவா வகுப்புக்குப் பணம் கட்டப் போயிருந்தேன். வரிசை நகரவில்லை. பக்கத்து நெட் சென்டரில் உட்கார்ந்து, உலகத்தில் எவ்வளவோ இருக்க, என்னுடைய வலைப்பூவையே திறந்து படித்தேன். எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

[முதலில் எழுதிய தொடக்கம்: ‘2010இன் ஒரு மழைநாளில், அமீர்பேட்டின் நெரிசலில்…’ அடித்துவிட்டேன். அன்று மழை பெய்யவில்லை.]

2

சின்னசாமியைச் சொல்லாமல் கதை நகராது. ‘தங்கமான மனிதர்’ என்று எழுதி அதையும் அடித்தேன். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். கோபிசெட்டிபாளையத்துக்காரர், மல்லாபூர் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் அங்கேயே இன்ஸ்பெக்‌ஷன். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து லோத்குண்டாவில் என் வீட்டுக்கு வருவார். என் மனைவி கமலம் போடும் காப்பியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு என்னைத் தோற்கடிப்பார்.

ஒருமுறை, பல வருஷங்களுக்கு முன், அனுப்பிய சரக்கில் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. அளந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டவன் நான். விசாரணையில் ஃபிட்டர் மேல் பழி விழுந்தபோது நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் ஆகவேண்டியவர் கடைசிவரை ஃபிட்டராகவே இருந்தார். நான்தான் அளக்கவில்லை என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

3

இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே கதையாக எழுதினேன்.*

கதை முழுக்க ஃபிட்டர்தான் குற்றவாளி என்று தோன்றும். கடைசிப் பத்தியில் உண்மை உடையும்: ‘தவறு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.’ மன்னிப்பைக்கூடத் திருப்பமாக வைத்த கெட்டிக்காரன் நான்.

வலையில் ஏற்றிவிட்டுப் போன் செய்து, படிக்கச் சொன்னேன். நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

“படிச்சேனுங்க சார். நீங்களும் அப்பிடித்தான் நெனச்சிருக்கீங்க. சரிங்க, வெச்சர்றனுங்க.”

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஊரறிய மன்னிப்புக் கேட்டாயிற்று, இன்னும் என்னதான் வேண்டுமாம்?

“போய்ப் பாத்துட்டு வாங்கோளேன்” என்றாள் கமலம்.

“அவர் வரட்டும்” என்றேன்.

(* தைரியசாலிகள் கதை எழுதுவதில்லை என்று இங்கே ஒரு கட்டுரை தொடங்கினேன். அதுவும் தப்பிக்கும் வழியாகவே பட்டதால்)

4

இப்போது அமீர்பேட். கதை திறந்தது. பாதியில் ஒரு செல்போன் விளம்பரம் குதித்து வந்து அதிர்ந்தது. கடைசிப் பத்திக்கு வந்தால் பத்தியையே காணோம். அதன்மேல் ஒரு மஞ்சள் பெட்டி: ‘நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்!’ மேலே இழுத்தால் மேலே வந்தது, கீழே இழுத்தால் கீழே வந்தது. மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன். இன்னொரு ஜன்னல் திறந்து இன்னொரு உத்தரவாதம் கொடுத்தது.

“அங்கிள், வோ க்ராஸ் நக்கோ தபாவ்! வோச் ஆட் ஹை” என்று கடைக்காரர் கத்தினார். அந்தக் குறியை அழுத்தாதே, விளம்பரமே அதுதான் என்கிறார்.

சின்னசாமியும் மல்லாபூரில் இப்படியொரு நெட் சென்டரில்தான் படித்திருப்பார். அவர் படித்த கதையில் அவரே குற்றவாளி.

5

விளம்பரத்தை வைத்தவன் நான்தான். கதையைப் படித்து முடிக்கும் வாசகரே விலை உயர்ந்தவர் என்று விளம்பரக் கம்பெனி சொல்ல, ‘கடைசிப் பத்தி’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். காசு கொடுத்துப் படியுங்கள் என்று வாசகர்களிடமே கேட்டிருக்கலாம். இருக்கிற பதினொரு பேரும் ஓடிவிடுவார்களே! மூன்று மாதத்தில் நூற்று எண்பது ரூபாய் சேர்ந்தது. அது இன்னும் கைக்கு வரவில்லை.

ஆனால் வீட்டில் ஒருநாளும் அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டதில்லையே?

“நம்ம கம்ப்யூட்டர்ல ஆட்ஸே வராம ஆட் பிளாக்கர் போட்டு டூ இயர்ஸ் ஆச்சுப்பா. மீகு தெலீதா?” என்றாள் ஸ்ரேயா.

தெரியாது. என் கடைச் சரக்கை ஊருக்கு விற்றுவிட்டு, நான் மட்டும் அதைத் தொடாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

6

அன்றே விளம்பரங்களை எடுத்துவிட்டேன். அதனால் சின்னசாமி மறுபடி திறந்து பார்ப்பார் என்று அர்த்தமில்லை. முடிவுகளை யோசித்தேன்.

அ) கடைசிப் பத்தியை அச்செடுத்து மல்லாபூர் போகிறேன். அவர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். (பொய். யார் சிரிப்பார்கள்?)

ஆ) அவர் கதவைத் திறக்கவில்லை. அச்செடுத்த தாளைக் கதவிடுக்கில்

இ) ‘எனக்கு எப்பவோ தெரியுங்க சார்’ என்கிறார். (இது எனக்கு ரொம்ப வசதியான முடிவு. ஆகவே கூடாது.)

இதைப் படித்துப் பார்த்த கமலம் கேட்டாள்: “ஆறு நம்பர் போட்டு எழுதியிருக்கேளே, அவர்ட்ட சொல்ல வேண்டியது எத்தனை வரி?”

இரண்டு வரி. அடைப்புக்குறி, அடிக்குறிப்பு, மூன்று முடிவு என்று நான் இதுவரை எழுதியதெல்லாம் அந்த இரண்டு வரியின்மேல் மிதக்கிற மஞ்சள் பெட்டிதான். வெட்கமாக இருக்கிறது.

நாளை ஞாயிறு. மல்லாபூருக்கு ஒன்பதே காலுக்கு பஸ் இருக்கிறது. நான் அதில் ஏறுவேனா, இல்லை, வீட்டில் உட்கார்ந்து ஏழாம் பகுதி எழுதிக்கொண்டிருப்பேனா? இவ்வளவு நேரம் என்னோடு இருந்தீர்களே, நீங்களே சொல்லுங்கள்.

7