ஹிராகுரியின் நான்கு நடைகள்

ஜப்பானின் டொயாமாவில் அக்டோபர் முதல் வாரம், பருவத்தின் கடைசி ஆட்டம். எங்கள் பேஸ்பால் அணியின் புள்ளிவிவரங்களை எழுதுவது என் வேலை. ஆட்டத்தின்போது வீரர்களின் பெஞ்சிலேயே ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

அன்று காலை, நாங்கள் 'கந்தோகு' என்று அழைக்கும் பயிற்சியாளர் குசானோ, லீக்கிலேயே அதிக சராசரி வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் அடிப்பட்டம் எங்கள் தட்சுமிக்கு உறுதியா என்று கேட்டார். தட்சுமி 480 முயற்சியில் 154 முறை அடித்திருந்தார், சராசரி .3208. எதிரணியின் நுகாயா 466-க்கு 149, சராசரி .3197. நுகாயா முதல் முயற்சியிலேயே அடித்துவிட்டால் .3212 ஆகி முந்திவிடுவார். நான்கு தவறான பந்துகள் வந்தால், அடிப்பவர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அதை நடை என்போம். நடை, முயற்சியாகக் கணக்கில் சேராது. எத்தனை நடை கொடுத்தாலும் சராசரி இருந்த இடத்திலேயே நிற்கும். இதைக் காகிதத்தில் போட்டு ஆர்வமாகவே விளக்கினேன். சராசரி குறைந்துவிடாதபடி குசானோ தட்சுமியை ஆட இறக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தார். நுகாயா வரும்போதெல்லாம் நடை என்று முடிவு செய்தார்.

அன்று வீச வேண்டியவர் ஹிராகுரி. முப்பத்து மூன்று வயது, எங்களிடம் ஒன்பது வருடம். முப்பதைத் தாண்டிய வீச்சாளர், ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக நான்கு நடைக்கு மேல் கொடுத்திருந்தால் அடுத்த வருடம் ஒப்பந்தம் இல்லை என்பது நிர்வாகத்தின் விதி. அந்தப் பருவத்தில் அவர் 60 இன்னிங்ஸில் 27 நடை கொடுத்திருந்தார், 4.05. இன்று ஒன்பது இன்னிங்ஸும் வீசினால் எத்தனை தாங்கும் என்று என்னைக் கேட்டார். மூன்று தாங்கும், 3.91-இல் நிற்கும் என்றேன்.

இப்போதெல்லாம் வேண்டுமென்றே நடை கொடுக்கப் பந்தே வீச வேண்டாம். பயிற்சியாளர் நான்கு விரல் காட்டினால் போதும், நடுவர் அடிப்பவரை அனுப்பிவிடுவார். நடை மட்டும் வீச்சாளர் பெயரில் ஏறும்.

குசானோ மூன்று முறை விரல் காட்டினார். எதிரணி ரசிகர்கள் ஹிராகுரியைத்தான் பயந்தாங்கொள்ளி என்றார்கள். ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது நாங்கள் இரண்டு ஓட்டம் முன்னால். அவர் கொடுத்தது மூன்று அடிகள்தான். தானாகக் கொடுத்த நடை ஒன்றுகூட இல்லை. எட்டாவதில் நுகாயா மூன்றாவதாக வருவார். ஹிராகுரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு குசானோ முன்னால் வந்து நின்றார்.

"கந்தோகு, இந்த ஒரு தடவை நான் அவனுக்கு வீசறேன்."

"அடிச்சிட்டான்னா?"

"அடிக்க மாட்டான்."

"ஒம்பது வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்க."

பெஞ்சில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்த தட்சுமி தன் காலணியைப் பார்த்தார். நுகாயா வந்தபோது குசானோ எழுந்து நான்கு விரல் காட்டினார். வீச்சாளர் மேட்டில் பந்தோடு நின்ற ஹிராகுரி கையைத் தூக்கவே இல்லை.

ஆட்டத்தில் வென்றோம். ஒன்பது இன்னிங்ஸ், ஓட்டம் ஏதும் இல்லை. அவர் வாழ்க்கையிலேயே சிறந்த வீச்சு. பருவம் முழுவதற்கும் 69 இன்னிங்ஸ், 31 நடை. 4.04.

மறுநாள் நிர்வாக இயக்குநரின் அறைக்கு நான் தாளைக் கொண்டுபோனேன். குசானோவும் ஹிராகுரியும் இருந்தார்கள். அந்த நான்கும் தன்னுடையவை அல்ல, நான்கிலும் ஒரு பந்துகூட வீசவில்லை, அவற்றைக் கழித்தால் 3.52 என்றார் ஹிராகுரி. இரவே கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இயக்குநர் குசானோவைப் பார்த்தார்.

"தாள்ல யார் பேர்ல இருக்கு?" என்றார் குசானோ.

லீக் ஏட்டில் இவற்றைத் தனியாகக் குறிப்பார்கள். எங்கள் தாளில் நடைக்கு ஒரே கட்டம்தான். அதை அமைத்தவன் நான். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஹிராகுரி-சான் பேர்ல," என்றேன்.

இயக்குநர் தாளை மடித்தார். ஹிராகுரி இடுப்பு வரை குனிந்து, இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டதற்கு மூவருக்கும் நன்றி சொன்னார். எனக்குத்தான் முதலில் சொன்னார்.