பிடுங்கிய பல் முளைத்தது

பல் மருத்துவமனை ஒன்றின் சர்வரையும் டேட்டாபேஸையும் கட்டி மேய்ப்பதுதான் அவன் வேலை. "மருமகன் ஆஸ்பத்திரியில சர்வரா இருக்காரு" என்று மாமியார் பெருமையாகச் சொல்லப்போக, "எத்தனை டேபிள் பாத்துக்கறீங்க?" என்று சொந்தக்காரர்கள் விசாரிப்பார்கள். "அறுபது" என்பான். பொய்யில்லை.

அந்த அறுபதில் பெரிய தலைவலி, நோயாளிகளின் பட்டியல் இருக்கும் டேபிள்தான். வரவேற்பில் இருப்பவர்களுக்குத் தேடிப் பார்க்கப் பொறுமை கிடையாது. பழைய ஆள் வந்தாலும் புதிதாகப் பதிந்துவிடுவார்கள். ஒரே மனிதர் மூன்று எழுத்துப்பிழைகளோடு மூன்று பேராக உலவினார்.

"ஊர்ல இருக்கற ஜனத்தைவிட நம்ம சிஸ்டத்துல ஆள் அதிகமா இருக்குப்பா. சுத்தம் பண்ணு" என்றார் மேனேஜர்.

அவனும் விதியெழுதினான். பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் மூன்றும் ஒன்றாக இருந்து, பெயரில் ஓரெழுத்து மட்டும் மாறியிருந்தால் அது தட்டச்சுப் பிழை. இரண்டு பதிவையும் ஒன்றாக்கு. முதலில் சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்த்தான். பிறகு பேக்கப் எடுத்தான். அதன்பிறகே உண்மையான டேபிளில் கைவைத்தான். போலிகள் கூட்டம் கூட்டமாக ஒழிந்தன. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது அவன் கால் தரையில் படவில்லை.

அடுத்த வாரம் அவன் மனைவி பல் சுத்தம் செய்துகொள்ள வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் போன். புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர்.

"சார், உங்க வீட்டம்மா வாயில ஒரு அதிசயம்! உடனே வாங்க."

ஓடினான். மனைவி வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தாள். மூன்று டாக்டர்கள் அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன வருஷம் இங்கேயே பிடுங்கின கடைவாய்ப் பல்லு சார். திரும்ப முளைச்சிருக்கு!" டாக்டருக்கு மூச்சு வாங்கியது.

"ஆ... ஆ..." என்றாள் மனைவி, வாய்க்குள் இருந்த கண்ணாடியைச் சுட்டிக்காட்டி.

"பேசாதீங்கம்மா, அசைஞ்சிடப் போகுது."

அவன் திரையைப் பார்த்தான். பிடுங்கிய பல் மனைவியுடையது அல்ல, மச்சினியுடையது. இருவரும் இரட்டைப் பிறவிகள். மனைவி சில நிமிடம் மூத்தவள். கல்யாணத்துக்கு முன்பே பதிந்த பதிவுகள், அதனால் ஒரே வீட்டு முகவரி, மாமியாரின் ஒரே போன் நம்பர். பெயரிலும் முதல் எழுத்து மட்டுமே வேறு.

அந்த நேரம் பார்த்து வெளியே மச்சினியின் குரல் கேட்டது. அக்காவோடு சேர்ந்து வந்தவள், தன் முறைக்காக வரவேற்பில் நின்றிருந்தாள்.

"மேடம், நீங்க ஏற்கனவே உள்ள படுத்திருக்கீங்க."

"நான் இங்கதானே நிக்கறேன்!"

"சிஸ்டத்துல உள்ளன்னுதான் காட்டுது மேடம்."

மனைவி கண்ணாடியைத் தானே வெளியே எடுத்துவிட்டாள். விஷயத்தை அவன் மென்று விழுங்கிச் சொல்லி முடித்ததும் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல ஒரே துணியில ரெண்டு பேருக்கும் சட்டை. அவ பண்ற சேட்டைக்கு எனக்கு அடி. கல்யாணம் ஆனாலாவது தனி ஆளா இருப்பேன்னு பாத்தேன். கட்டின புருஷனே சேத்து வச்சிட்டாரு!"

"உனக்காவது பேர் மிஞ்சிச்சு அக்கா" என்றாள் உள்ளே வந்த மச்சினி. "என்னைத்தானே மாமா அழிச்சிருக்கீங்க?"

இளம் டாக்டரோ இன்னும் அதிசயத்தை விட மனசு வராமல் நின்றார். ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டாராம். "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. நிஜமாவே உங்களுக்குப் பிடுங்கலையா?"

மேனேஜர் வழக்கம்போல் சுலபமான வழி சொன்னார். "அந்த பேக்கப்பை அப்படியே திரும்ப ஏத்திடு. வேலை முடிஞ்சுது."

"ஏத்தினா, பேக்கப் எடுத்ததுக்கப்புறம் வந்தவங்க அத்தனை பேரும் காணாமப் போயிடுவாங்க சார்."

சும்மா கிடந்த ஒரு சர்வரில் பேக்கப்பை ஏற்றினான். பழைய டேபிளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரெழுத்து வித்தியாசத்தில் ஒன்றானவர்களை மட்டும் தனியே பிரித்தெடுத்தான். மனைவியும் மச்சினியும் முதலில் பிரிந்தார்கள். பல் உரியவளின் கணக்கிலிருந்து பிடுங்கப்பட்டது. ஆனால் மற்ற ஜோடிகளில் எது எழுத்துப்பிழை, எது இரட்டைக் குழந்தை என்று எந்த விதிக்கும் தெரியாது. ஆளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். மேனேஜர் போனை அவன் பக்கம் நகர்த்தினார்.

"வணக்கம், பல் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். நீங்க ஒருத்தரா, ரெண்டு பேரா?"

சிலர் போனை வைத்தார்கள். ஒரு அம்மா, "குடிச்சிருக்கியா?" என்று கேட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டே பாதிப் பட்டியலைத் தாண்டியபோது ஒரு பெரியவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"ரெண்டு பேருதாம்ப்பா. தம்பி பக்கத்துலயே இருக்கான்."

அவனுக்கு உயிர் வந்தது. "ரொம்ப நன்றிங்க ஐயா. பிரிச்சிடறேன். பல் செட்டு ஒண்ணுதான் பதிவாகியிருக்கு, அது யாரோடதுங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. பிறகு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு என் முறைப்பா."