போலீசு தொரையின் விமானம்

...இடதுன்னா யாரோட இடது க்கா, பாக்குற நம்ம இடதா, ஏரோப்ளேனுக்குள்ள குந்தியிருக்கிறவனோட இடதா, என்று தம்பி காப்ரியல் கேட்டான், ரசம் பொங்கி வந்துகொண்டிருந்தது, நான் துணியால் சட்டியைப் பிடித்து இறக்கியபடியே, அதப் போயி தொரைகிட்ட கேளுடா, நான் என்ன போலந்துலயா பொறந்தேன் என்றேன். அவன் சிரித்தான். டீச்சரம்மாவுக்குத் தெரியாததும் ஒண்ணு இருக்கா, லயத்துல வீடு வீடா சொல்லிரட்டுமா. உளியைத் துணியில் சுற்றிக் கால்சட்டைப் பையில் செருகினான். துரைக்குச் செய்துகொண்டிருந்த பொம்மை விமானத்தின் இறக்கைக்குச் செதுக்கிய பலகை வெடித்துவிட்டது, வேலிக்கு அந்தப் பக்கம் ஓடையோரம் ஒரு ஏழிலைப்பாலை நிற்கிறது, மலாய்க்காரர்கள் பூலாய் என்பார்களே அது, பஞ்சுபோல லேசான மரம், ஒரு கிளை போதும். பாஸ் எங்கடா என்றேன். வேலிக்கு வெளியே கால் வைக்க ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் கையெழுத்துப் போட்ட பாஸ் வேண்டும், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு திரிந்த மலாயாவில், ஐம்பத்தொன்றில், அது இல்லாமல் மாடுகூட வெளியே போகாது. பாஸெல்லாம் வேணாம் க்கா, யாராச்சும் கேட்டா எம்பேரச் சொல்லுன்னுட்டாரு தொரை. போனான். ரசத்தில் உப்பு குறைவு, அதைக்கூட அவனிடம் கேட்கவில்லை.

பார்க்கிறவனின் இடது. மூன்று வாரம் கழித்து அந்தக் கேள்விக்கு விடை தெரிந்து, அவன் உட்காரும் பலகையில் நான் உட்கார்ந்து, அவன் செய்த விமானத்துக்கு நான் குறி போட்டுக்கொண்டிருந்தேன். நான்கு கட்டம். மேலே இடது சிவப்பு, மேலே வலது வெள்ளை, கீழே மாறி வரும், சிவப்புக்கு வெள்ளைக் கரை, வெள்ளைக்குச் சிவப்புக் கரை. மாற்றிப் போட்டால் அது வேறு யாருடைய கொடியோ ஆகிவிடும் என்று துரை சொல்லியிருந்தார், சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு, நுனிக்கு நுனி பதினேழரை அங்குலம், உடம்புக்குப் பக்கத்தில் மேலே வளைந்து பிறகு நேராகப் போகிற இறக்கை, கடற்கரையில் பறக்குமே அந்தப் பறவையைப் போல. கூரையில்லாத குழிக்குள் உட்கார்ந்து இதை ஓட்டித்தான் அவர் முப்பத்தொன்பதில் சண்டை போட்டாராம், ஒரே மாதத்தில் விமானமும் எரிந்து நாடும் போய்விட்டதாம். இருக்கட்டும். எரிந்த விமானத்துக்கு அழுகிற கண், மூன்று வாரத்துக்கு முன் எங்கே போயிருந்தது? சிவப்பு பெயிண்ட் புக்கிட் ரோத்தான் டவுனில் மஸ்தான் கடையில் வாங்கியது, சைக்கிளுக்கு அடிப்பது, கெட்டியாகி மூடியைச் சுற்றிப் பொருக்கு கட்டியிருந்தது. குச்சியால் கிளறும்போது மேல்தோல் கிழிந்து உள்ளே இருந்து ஈரமாக வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், திருப்பினால் புகைக்கூடத்து நாற்றம், ரப்பர் ஷீட் வெந்து கருகுகிற நாற்றம், காப்ரியலின் சட்டைகளில் இன்னும் இருக்கிற அதே நாற்றம். அவன் அங்கேதான் ரப்பர் பெட்டிகளுக்கு ஆணியடிக்கிற தச்சன்.

ஏன் செய்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன், கேட்கத் தேவையில்லை, கடிதத்துக்காக. ஓடையோரம் ரோந்துக்காரர்கள் சுட்டுக் கொன்ற காப்ரியலைப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் புல்வெளியில் புதைத்திருந்தார்கள், காட்டுக்காரர்கள் இரண்டு பேரோடு, சிலுவை இல்லை, ஒரு மரத்துண்டில் மூன்று என்ற எண். தோட்டத்துத் துரை யாராவது, இவன் என் வேலையாகத்தான் வெளியே போனான் என்று எழுதிக் கொடுத்தால், தோண்டி எடுத்துக் கோயில் கல்லறையில் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே துரை அதை வாயால் சொல்லியிருக்கலாம். காப்ரியலின் பையிலிருந்த காகிதத்தை மேசையில் விரித்தார்கள், துரையே வரைந்த இறக்கை, துரையே சிவப்புப் பென்சிலால் தீட்டிய கட்டம், இது காட்டில் இருக்கிறவர்களுக்கு அடையாளம் காட்டுகிற தாளா என்று கேட்டார்கள். அவர் அதைப் பார்த்தார், எனக்கு இது தெரியாது என்றார், கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். தோட்டத்து ஆளை வேலிக்கு வெளியே அனுப்பிய துரைக்கு வேலை போய்விடும், வேலை போனால் திரும்பிப் போக நாடு இல்லை. அதெல்லாம் எனக்குப் புரியாமலா? புரிந்ததுதான் இன்னும் அருவருப்பு. இப்போது ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல், திங்கட்கிழமை, இனி அந்தக் கடிதத்தால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆகையால் எழுதுகிறார். விமானத்தை முடித்துக் கொடு கான்ஸ்டன்ஸ், உனக்குக் கை நடுங்காது, கரும்பலகையில் உன் எழுத்தைப் பார்த்திருக்கிறேன் என்றார். நானும் சரி என்றேன். சரி என்ற அந்த வாயை எதால் கழுவுவது?

காப்ரியல் துரையின் தாளைப் பார்த்துக் கட்டங்களைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான், ஒவ்வொன்றிலும் பொடியாக சி, வெ, சி, வெ என்று எழுதியிருந்தான், சிவப்பு, வெள்ளை, நான் சொல்லிக்கொடுத்த எழுத்து, வெ-யின் கொம்பை எப்போதும் பிரித்துத்தான் போடுவான். வெடித்த இறக்கையைப் பசை தடவி நானே ஒட்டிவிட்டிருந்தேன். வால் முடிந்தது. இடது இறக்கை முடிந்தது. வலது இறக்கையில் இடம் மாறுகிறது, ஓர் இறக்கையில் குறி நுனியோடு இருக்கும், மற்றதில் உடம்போடு ஒட்டி இருக்கும், பார்த்தால் தப்பாகப் போட்டது போல. தப்பில்லை, வேண்டுமென்றே அப்படி, எதிரி குறிவைக்கும்போது நடு எது என்று தெரியாமல் ஏமாற என்று துரை விளக்கியிருந்தார். குறியை வைத்தே குறி தப்பச் செய்வது, அடேயப்பா, என்ன மூளை. மாற்றிப் போட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, கடைசிக் கட்டத்தில் மட்டும், வெள்ளைக்குச் சிவப்பு, சிவப்புக்கு வெள்ளை, கப்பலில் போய்த் திறந்து பார்க்கட்டும்... ஆனால் பென்சிலில் சி என்று எழுதியிருக்கிற இடத்தில் எப்படி வெள்ளையைத் தீட்டுவது?

அந்தத் துரைக்குப் பெயர் வைத்தது நான்தான். அவர் வந்த நாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கிற திடலில், எல்லாரும் நிற்கிறார்கள், என்னா ஊரு தொரைம்மா இது, வெள்ளைக்காரன் மாரியும் இருக்கு, இல்லாத மாரியும் இருக்கு, என்று பால்வெட்டுக் காளியம்மா என் காதில் கேட்டாள். நான் முன்னால் போய் இங்கிலீஷில் கேட்டேன், மொத்தத் திடலும் பார்க்க. ஐ ஆம் போலிஷ் என்றார். எனக்குப் போலந்து தெரியும், பள்ளிக்கூட வரைபடத்தில் இருக்கிறது, அந்த ஊர்க்காரனை என்னவென்று சொல்வார்கள் என்று தெரியாது. திரும்பி நின்று, போலீசாம், என்றேன். எல்லார் முதுகும் நிமிர்ந்தது. யாத்தே, போலீசு தொரையா, என்றாள் காளியம்மா. அன்று மாலையே அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், தனியாகச் சிரித்தேன், காப்ரியலிடம் மட்டும் சொன்னேன், அவன் விழுந்து புரண்டு சிரித்தான். மறுநாள் போய், நான் சொன்னது தப்பு என்று லயத்தில் சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் தப்பாகச் சொல்லலாமா? அவருடைய நிஜப் பெயரில் பதினொரு எழுத்து, அதில் மூன்றுதான் உயிர், யார் நாக்கிலும் நிற்கவில்லை. போலீசு தொரை நின்றுவிட்டது. அவர் முகத்துக்கு முன்னால் யாரும் சொல்வதில்லை, அவருக்கு இன்றுவரை அது தெரியாது.

ஸ்டேஷனில் அவன்மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கிய அன்றைக்கும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஈ. வாயின் ஓரத்தில், கண் இமையில், கால் பெருவிரலில் கட்டிய சீட்டின் மேலும் ஈ. வெயிலில் கிடந்த ஒட்டுப்பால் ரப்பர் மூட்டையைப் போல ஒரு வாடை, நான் தூக்கிச் சுமந்த தம்பி, அவனைப் பார்த்து வாந்தி எடுத்தேன், பக்கத்துச் சுவரோரம் ஒருவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான், நிறுத்தவில்லை. ஈஜோக் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், வீரன் என்று பெயர், ஸ்பெஷல் கான்ஸ்டபிள், அந்த ரோந்தில் போனவன், குழாயடியில் எனக்குத் தண்ணீர் ஊற்றினான். நான் சுடல க்கா, சத்தியமா நான் சுடல. கையத் தூக்குன்னோம், ஒரு கையத் தூக்குனாரு, இன்னொரு கையப் பைக்குள்ள விட்டாரு. போலீசு போலீசுன்னு கத்துனாரு க்கா, நடுவுல ஓடை, வேற ஒண்ணும் காதுல விழல. காட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு, போலீசு வந்திருச்சு, ஓடுன்னு சொல்றாருன்னு சார்ஜன் நெனச்சிட்டாரு லா. ஏன் க்கா அப்படிக் கத்துனாரு? பயத்தில் கத்தியிருப்பான் என்றேன். அப்படித்தான் நம்பினேன். மூன்று வாரமும் அப்படித்தான் நம்பினேன்.

கடைசிக் கட்டம், கீழே இடது, வெள்ளையைத் தீட்டிவிட்டுச் சிவப்புக் கரைக்குத் தூரிகையைத் தொட்டேன், தீக்குச்சி முனையில் நான்கு ஆட்டுமயிர் கட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெளியே தூரத்தில் செம்மண் பாதையில் கார் நின்றது. டிரைவர் உடையப்பன் எப்போதும் போலத் துரை இறங்குவதற்குள் முன்னே ஓடிவந்து வாசலிலிருந்தே, டீச்சரம்மா, போலீசு தொரை! போலீசு தொரை வர்றாரு! என்று கத்தினார். என் உடம்பு தூக்கிப்போட்டது. போலீஸ், மறுபடியும் போலீஸ், மறுபடியும் என்னைக் கூட்டிப்போகப் போகிறார்கள்... கை இழுத்துக்கொண்டு போய் இறக்கையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அப்புறம்தான், ஓ, தொரை, என்று மனம் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் மனம் நின்றது. தூரிகையிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழுந்தது. யாராச்சும் கேட்டா எம்பேரச் சொல்லு. அவன் சொல்லியிருக்கிறான். சொன்ன சொல் தட்டாத பையன், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் துரையின் தாளை எடுத்துக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழிய, அவன் நாக்கில் நின்ற ஒரே பெயரைத்தான் சொல்லியிருக்கிறான். நான் வைத்த பெயரை.

துரை குனிந்து உள்ளே வந்தார். விமானத்தை இரண்டு கையாலும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், வாலைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், சரி, சரி, மேலே இடது சிவப்பு, மிகச் சரி, என்றார். கோட்டைக் கண்டதும், இது? கை தவறிவிட்டது என்றேன். அவர் கைக்குட்டை நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தார், அதே கைக்குட்டை, கோடு அழியவில்லை, இளஞ்சிவப்பாக இழுபட்டு அகன்றது. பிறகு கடிதத்தைக் கொடுத்தார். படித்தேன். என் உத்தரவின் பேரில், மரம் எடுத்துவர, குற்றமற்றவன், எல்லாம் இருந்தது, கீழே பதினொரு எழுத்து. போகாமல் வாசலில் நின்றார். கான்ஸ்டன்ஸ், ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை, இரவெல்லாம் யோசிக்கிறேன், என் பெயரைச் சொல் என்று அவனிடம் சொல்லித்தானே அனுப்பினேன், அவன் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை?

வாய் திறந்தேன். திறந்தது நினைவிருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்கு இது தெரியாது என்று அவர் சொன்ன அதே குரலில், எனக்குத் தெரியாது என்றேன். அவர் தலையாட்டினார். என் சேலை மடியில் சிவப்புச் சொட்டு அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.

காப்ரியல் கோயில் கல்லறையில்தான் இருக்கிறான், பெயர் போட்ட சிலுவையோடு. துரைக்குப் பிறகு அவர் இருந்த பங்களாவுக்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்தார், அப்புறம் ஒரு மலையாளி, அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வழி கேட்கிறவர்களுக்கு லயத்துப் பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டுகிறார்கள், அங்கே முன்னே ஸ்டேஷன் இருந்ததாம் என்கிறார்கள். இன்றைக்கும் அதற்குப் போலீசு பங்களா என்றுதான் பெயர்.