பிடிக்கிறவன் தோள்

சர்க்கஸ் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொக்கியின் வலது தோளுக்குள் 'டக்' என்றது. அடுத்த நொடி விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. காற்றில் குட்டிக்கரணம் போட்டு அவன் கைகளுக்கு வந்து சேர்ந்திருந்த மனைவி, கல் மாதிரி கீழே போனாள்.

நல்லவேளை, வலை வாங்கிக்கொண்டது. எகிறிக் குதித்து உட்கார்ந்தவள், மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்த இடத்தில்தான் இருந்தது.

"என்னய்யா ஆச்சு?"

"வேர்வை. வழுக்கிடுச்சு."

பச்சைப் பொய். தோள் மாதக்கணக்காக வலிக்கிறது. சர்க்கஸில் பாய்ந்து வருகிறவர்களைப் பிடிப்பது அவன் வேலை. கொக்கி என்ற பெயரே அதனால் வந்ததுதான். கொக்கி வளைந்துவிட்டது என்று தெரிந்தால் வேறு ஆளை மாட்டிவிடுவார்கள். மனைவி இன்னொருவன் கையை நம்பிப் பாய்வதை அவன் கீழே நின்று பார்க்க வேண்டும்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் மச்சான். மனைவியின் அண்ணன், குழுவுக்குப் பயிற்சியாளரும் அவர்தான். "தொங்கு மாப்ள! தொங்கினா தானா உக்காந்துக்கும்" என்றிருந்தார். பல்வலிக்கும் தொங்கச் சொல்கிற மனிதர். கொக்கியும் தினமும் காலையில் ஒற்றைக் கையில் தொங்கினான்.

கூடாரத்துக்கு வெளியே மனைவி வழிமறித்தாள்.

"வேர்வைன்னா ரெண்டு கையும்ல வழுக்கணும்? வலது மட்டும் எப்படி? கிளம்பு ஆஸ்பத்திரிக்கு."

மாட்டிக்கொண்டான்.

எலும்பு மருத்துவர் கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். மூட்டுக்குள் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார். பிறகு படத்தைக் காட்டிச் சொன்னார்.

"தோள்ல குழி ஆழமே இல்லை. தட்டு மேல பந்து வெச்ச மாதிரி. பந்து உருண்டு போயிடாம இருக்க, தட்டைச் சுத்தி குருத்தெலும்பு விளிம்பு இருக்கு. உங்களுக்கு மேல் விளிம்பு கிழிஞ்சிருக்கு. மேல்கைத் தசையும் அங்கதான் கட்டியிருக்கு. இழுக்க இழுக்கக் கிழிசல் பெருசாகும். தினமும் என்ன பண்றீங்க?"

"தொங்கறேன் டாக்டர்."

"எதுக்கு?"

"சரியாகறதுக்கு."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்தார்.

"யார் சொன்னதுன்னு தெரியும் டாக்டர். எங்கண்ணனை நான் பாத்துக்கறேன்," என்றாள் மனைவி.

எல்லாக் கிழிசலுக்கும் கத்தி தேவையில்லை என்றார் மருத்துவர். முதலில் ஓய்வு, உடற்பயிற்சி. வலி குறைந்தது, 'டக்' மட்டும் போகவில்லை. கடைசியில் சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டு, விளிம்பை எலும்போடு தைத்தார்கள். கை, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கிடந்தது. மனைவிதான் சட்டை மாட்டிவிட்டாள். ஒரு நாள் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"வலை இல்லாம ஏதாவது ஆகியிருந்தா? தோள் கிழிஞ்சதுக்கு நான் கோவிக்கல. வேர்வைன்னு சொன்னியே, அதுக்குத்தான்."



தொட்டில் கழன்றதும் கொக்கி ரப்பர் பட்டை இழுத்தான், பிறகு மணல் மூட்டையைப் பிடித்தான். இனி ஆளையும் பிடிக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக, என்று மருத்துவர் அனுமதித்த வாரம் தாழ்வான ஊஞ்சலில் ஏறினான். எதிர்ப் பலகையில் மனைவி. கீழே குழு முழுக்க அண்ணாந்து நின்றது. சிலர் கைதட்டவே தயாராக இருந்தார்கள்.

ஒத்திகைக்காக முன்னும் பின்னும் ஆடினான். வலி இல்லை. ஆனால் தோள் சோர்ந்து லேசாக நடுங்கியது. பிடித்துவிடலாம்தான். அவள் முழங்காலை மடக்கிப் பாயத் தயாரானாள்.

"வேணாம்! இன்னிக்குக் கை சோர்ந்துடுச்சு!" என்று கத்தினான்.

மனைவி ஏணியில் இறங்கி வந்து, இடுப்பில் கைவைத்து அவனைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே கண்ணை மூடிட்டுப் பாய்வேன்யா."

மறுநாள் காலை அவன் ஆடிப் பார்த்தான். தோள் சொன்னபடி கேட்டது. இரண்டு கைகளையும் நீட்டினான்.

"வா!"

நிச்சயமா என்று அவள் கேட்கவில்லை. பாய்ந்தாள்.