ஹோல்ட் கண்ட வழி

கமலாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புலம்பெயர்ந்து வந்த வுப்பர்டால் நகரில் தன் வீட்டு வரவேற்பறையில் வைத்து நாலு கிழமையாகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்த பேச்சை, தேனுஜா டுசல்டோர்ஃப் நகர மேடையில் ஏறி நட்டநடுவில் மாற்றிவிட்டாள்!

தமிழ்ப் பள்ளிகளின் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் சொந்தமாக ஒன்றும் பேசுவதில்லை. பெரியவர்கள் எழுதி அச்சடித்துக் கொடுப்பதை மனனம் செய்து ஒப்புவிக்க வேண்டும். வசனம் பிசகினால் ஐந்து புள்ளி போய்விடும். முதலாவதாக வருகிற பிள்ளைக்குத்தான் இறுதிப் போட்டி. இந்த வருடம் எல்லாப் பள்ளிகளுக்குமான பேச்சு, எபநேசர் ஹோல்ட் என்ற அமெரிக்க நாடுகாண் பயணியின் வாழ்க்கை. எழுதியவளே கமலாம்பிகைதான். ‘ஆளரவமற்ற மலைகளில் முதன்முதல் வழி கண்டவர்’ என்ற வசனத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மேடையிலிருந்து இறங்கிய தேனுஜாவை மண்டபத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆரைக் கேட்டடி அந்த வசனத்தை மாத்தினனி?"

"அந்த மலையளில சனம் இருந்தது, ரீச்சர். அவையின்ர பாதையாலதான் அந்தாள் போனவர். பள்ளிக்கூடத்தில படிச்சனான். ஊரில உங்கட வீட்டையும் ஆமி பிடிச்சுப்போட்டு, வெறுங்காணி எண்டு வரைபடத்தில கீறினவங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

ஏழு பேர் குடியிருந்த வீடு அது. உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு ஓடிவந்தவள் கமலாம்பிகை. அவளே எவனோ இணையத்தில் எழுதிவைத்த பொய்யை எடுத்து, எதுகை மோனை பூட்டி, பிள்ளைகளின் வாயில் திணித்திருக்கிறாள். வெட்கங்கெட்டவள்! பிள்ளைமேல் வந்த கோபம் முழுக்கத் தன்மேல் திரும்பியது.

விறுவிறென்று நடுவர் தியாகராசாவிடம் போனாள். அவருடைய பேனாவைப் பறித்து, பிரதியில் அந்த வசனத்தை வெட்டினாள்.

"எழுதினது நான், பிழையும் என்ர. பிள்ளைக்குப் புள்ளி வெட்டாதேங்கோ, அண்ணை."

"அச்சடிச்ச பிரதிதான் கணக்கு, ரீச்சர். என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

வீட்டின் காணி உறுதியைக் காட்டியபோது, வரைபடம்தான் கணக்கு என்று ஊரில் கந்தோர் அதிகாரி சொன்னதும் இதே கதைதான். "கடதாசியை விட்டிட்டு மனுசரைப் பாருங்கோ!" என்று கத்தினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. தியாகராசா குனிந்த தலை நிமிராமல் ஐந்தைக் கழித்தார்.

கடைசியாக ஆஹென் பள்ளி ஜெசிந்தன் மேடையேறினான். கணீரென்ற குரல், ஓர் எழுத்துப் பிசகவில்லை. மலைகளில் ஆளே இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டியபோது சபை கைதட்டியது. முதற்பரிசும் அவனுக்குத்தான்.

எழுந்து நின்று அவனைத் திட்டவேண்டும் போலிருந்தது கமலாம்பிகைக்கு. எந்த வாயால் திட்டுவாள்? அவன் சொன்னது அவள் எழுதிக்கொடுத்த பொய்.