செபஸ்தியான் காசு

சாகக் கிடக்கும் புருஷனுக்குப் பங்குச் சாமியார் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வருகிறார் என்று சகாயம்மாள் கொல்லையில் உட்கார்ந்து மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளியும் உமிக்கரியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மா அழுததைக் கேட்டு மஸ்கட்டிலிருந்து கீழ்வேளூருக்கு ஓடிவந்திருந்த அருள்ஜோதி, அப்பாவுக்கு வெந்நீர் எடுக்க அந்தப் பக்கம் போனாள். அம்மாவின் கையில் இருந்தது தண்டு இல்லை. அந்தக் காசு.

அப்பா ரெமிஜியஸுக்குப் பழங்காசுப் பைத்தியம். ரயில்வே கூட்ஸ் குமாஸ்தா வேலை போக மிச்ச ஆயுளை நாகப்பட்டினத்து நகைப்பட்டறைகளில்தான் கழித்தார். நானூறு வருஷத்துக்கு முன்னால் போர்ச்சுக்கல் பரங்கிக்காரர்கள் அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்த வெள்ளிக்காசுகள் அங்கே உருக்க வரும். வட்டம் என்று சொன்னால் வட்டமே கோபித்துக்கொள்ளும், அப்படிக் கோணல். உலைக்குப் போவதற்குள் பொறுக்கிவந்து, எந்த ராஜாவுடையது என்று கண்டுபிடித்துவிடுவார். இது ஒன்றுதான் பிடிகொடுக்கவில்லை. ஜோவாம் ராஜாவா, அவர் பேரன் செபஸ்தியானா? விளிம்பில் தேய்ந்த எழுத்து, பள்ளத்தில் படிந்த கறுப்பினால்தான் கொஞ்சமாவது தெரியும். அதனால் துடைக்கக்கூட விட மாட்டார். எழுத்தைப் படிக்காமல் பெயர் சொல்வது அவருக்குப் பொய்ச்சத்தியம் மாதிரி.

“அம்மா, என்ன பண்ற?”

“நேத்திலேருந்து காசு காசுங்கறாரு. கண்ணு மங்கிப்போச்சு. பளிச்சுன்னு இருந்தாத் தெரியும்ல?”

அருள்ஜோதி வாங்கிப் பார்த்தாள். காசு புதுத் தகரமாக மின்னியது. எழுத்து இருந்த இடம் வழவழவென்றிருந்தது. கத்திவிடலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் மாதக்கணக்கில் அவரைப் புரட்டி, அள்ளி, கழுவி அம்மாவின் கை தோலுரிந்து கிடந்தது. வேறு காசை மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று அவள் யோசிப்பதற்குள் அம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரெமிஜியஸ் காசைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. விரலை மோந்து பார்த்தார். தலையைத் திருப்பி மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செபஸ்தியான்தான், சகாயம். இப்பதான் நல்லாத் தெரியுது.”

சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். சாயங்காலம் உயிர் பிரிந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சகாயம்மாள் அதையே சொன்னாள்: தான் தேய்த்துக் கொடுத்ததையும், அவர் படித்துவிட்டதையும். கேட்கக் கேட்க அருள்ஜோதிக்கு எங்கேயாவது போய்ப் படுத்துவிட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை நாகூரிலிருந்து அஹமது கபீர் வந்தார். அப்பாவின் காசுக் கூட்டாளி. அது ஜோவாம் காசுதான் என்று வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றவர். அம்மா அவரிடமும் காசை நீட்டினாள்.

“அவரு படிச்சிட்டாருண்ணே. நீங்களே பாருங்க.”

கபீர் பூதக்கண்ணாடியை எடுத்தார். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்து அருள்ஜோதியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டியில் கிடந்த ரெமிஜியஸ் பக்கம் அவர் பார்வை போயிற்று.

“ஆமா தங்கச்சி,” என்றார். “நான்தான் தோத்துட்டேன். செபஸ்தியான்தான்.”

சகாயம்மாள் காசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவள், மகளைக் கூப்பிட்டுக் கொஞ்சம் காப்பி கேட்டாள்.